மீட்டர் வைக்காமல் கழற்றிய ஆல்டர்னேட்டர்

செஞ்சியில் முப்பது வருடமாகக் கார் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். வீட்டிலேயே ரிப்பேர் செய்யக் கிளம்புகிறவர்களால்தான் எனக்கு பி.பி. வந்தது என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம், காலையில் கடையைத் திறக்கும்போதே வல்லத்து சேகர் அரிசிப் பையோடு நின்றான். பைக்குள் ஆல்டர்னேட்டர். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதுதான்.

"ணா, இது அவுட்டு. வேற ஒண்ணு குடுங்க. நைனாவுக்கு ஒரு மணிக்குப் பாண்டியில டயாலிசிஸ். போன தபாவே வண்டி ஸ்டார்ட் ஆவாம விட்டுட்டோம். காலெல்லாம் வீங்கிக் கெடக்குது."

"மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

"இல்லணா. வீடியோ பாத்துக் கழட்டிட்டேன்."

"பேட்டரி ஒயரயாவது மொதல்ல கழட்டினியா?"

"அது வேற கழட்டணுமா?"

பைக்குள் கிடந்த அவன் ஸ்பேனரின் முனை ஷார்ட் ஆகிக் கருகியிருந்தது. விரல் தப்பியது அவன் செய்த புண்ணியம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஆல்டர்னேட்டரை டெஸ்ட் பெஞ்சில் மாட்டிச் சுற்றவிட்டேன். 14.2 வோல்ட். ஒரு பழுதும் இல்லை.

அவன் பைக்கிலேயே வல்லம் போனேன். அவன் அப்பா ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது.

ஆல்டர்னேட்டரை மாட்டி, அவரை உள்ளே வைத்தே வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். பேட்டரி கிளாம்பில் மீட்டர் வைத்தால் 14.2. கிளாம்பு கவ்வியிருக்கும் ஈயக் குமிழில் வைத்தால் 12.1. இரண்டுக்கும் நடுவில் ஏதோ தடுக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன.

"பூஜைக்குக் கழட்டித் தொடச்சு, பொட்டு வெச்சு மாட்டினேன்ணா."

"பொட்ட மேல வெய்யேன்யா! கிளாம்புக்கு உள்ளயா அப்புவ? கரன்ட்டு எப்பிடிப் போவும்?"

உப்புத்தாளால் சுரண்டி இறுக்கி, மறுபடி தள்ளினோம். இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட். மணி பத்தரை. பாண்டி போய்ச் சேரும்வரை எஞ்சினை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு கத்து கத்தினேன்.

"மீட்டர் வெக்காம, ஆல்டர்னேட்டர் போச்சுன்னு எவன்டா உனக்குச் சொன்னான்?"

சேகர் டிரைவர் சீட்டில் ஏறினான். பின்சீட்டிலிருந்து அவன் அப்பாதான் சொன்னார்.

"நீதான்பா. நாலு நாளு முன்னாடி போன்ல சொன்னியே. நானும் கேட்டுனுதான் இருந்தேன்."

சொல்லித்தான் இருந்தேன். சாப்பாட்டுக் கையோடு, வண்டியைக்கூடப் பார்க்காமல். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவருக்கு இன்னொரு டயாலிசிஸும் போயிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இப்போது போனில் யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். எஞ்சின் நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை பேட்டரிக் குமிழிலும் கிளாம்பிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் எதையும் கழற்றாதீர்கள். நான் வந்து பார்க்கும்வரை நான் சொல்வதையும் நம்பாதீர்கள்.