பாட்டை இறக்கிப் பாடினவன்

அயர்னிங் டேபிள்ல அப்பதான் ஆவி அடங்கியிருக்கும். ஈரத்துணி சூடான வாசம் போகாத அந்த டேபிள் மேல ஜோசப் தன்னோட கீபோர்டைத் தூக்கி வைப்பான்...

அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனி. நான் கட்டிங். ஜோசப் அயர்னிங். தூத்துக்குடிப் பக்கத்து ஆளு, ஊர்ல சர்ச்சுல வாசிச்ச கை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியிலயே பாட்டுக் கச்சேரின்னு முதலாளி சொன்னதும், பாடறேன்னு முதல்ல கை தூக்கினது நான்தான்.

என் குரல் பழைய மொபட் மாதிரிங்க. சமதரையில நல்லா ஓடும். மேடு வந்தா திணறி நின்னுரும். ரிகர்சல்ல பாட்டு மேல போற வரியில நின்னுருச்சு. மொத்த செக்‌ஷனும் சிரிச்சுது.

சூப்பர்வைசர் வந்தாரு. "ஏனுங்க, தறிச் சத்தமே தேவலைங்க. வேற ஆளுக்கு உட்டுருங்க."

உட்டுரலாம்னுதான் நானும் நெனச்சேன். ஜோசப் உடல.

"அண்ணாச்சி, நீங்க ஏன் அம்புட்டு உசரத்துக்கு ஏறுதீய? பாட்டை நம்ம உசரத்துக்கு எறக்கிருவோம்."

கீபோர்டுல டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன். ஒரு தட்டுக்குப் பாட்டு அரை ஸ்வரம் எறங்கும். மூணு தடவை தட்டினான். "இப்பப் பாடுங்க."

பாடினேன். அதே பாட்டு... குரல் ஒடையல!

டிரான்ஸ்போஸ்னதும் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்குதான் ஞாபகம் வந்துச்சு, அங்கயும் இதே பேருதான். ஒரு எண்ணை சமக்குறிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனா குறி மாறிரும். அதை மாத்தாம விட்டுத்தான் பத்தாவதுல கோட்டை விட்டேன். ஜோசப்கிட்ட சொன்னேன்.

"அங்க ஒண்ணு மட்டும் தனியாப் போகுது அண்ணாச்சி, அதான் மாறுது. இங்க எல்லா ஸ்வரமும் சேர்ந்துல்லா எறங்குது."

சூப்பர்வைசர் ஒத்துக்கல. "கள்ளாட்டம்ங்க இது. பாட்டைக் கொறச்சுப் பாடுனா அது பாட்டுங்களா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சோ... "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொறச்சு வெட்டுனா அதுவும் பனியன்தானுங்க. என்ன, எக்ஸ்எல் மீடியம் ஆகும்."

பூஜையன்னைக்குப் பாடினேன். கை தட்டினாங்க. "பாட்டு பரவால்லீங்க, கண்ணை மூடிட்டுக் கேட்டா"ன்னு சூப்பர்வைசரும் சொல்லிட்டாரு.

அப்புறம் ஆபீஸுக்கு கம்ப்யூட்டர் வந்துச்சு. அட்டவணையில குறுக்க இருந்த சைஸையெல்லாம் நெடுக்க மாத்திட்டு அங்க இருந்த பொண்ணு, "டிரான்ஸ்போஸ் பண்ணிட்டேங்கண்ணா"ன்னுச்சு. அட, நம்மாளு இங்கயும் வந்துட்டானான்னு இருந்துச்சு. பீஸ் எண்ணிக்கை ஒண்ணுகூட மாறல.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா... வர்ற ஞாயித்துக்கிழமை எம் பொண்ணு கல்யாண ரிசப்ஷன்.

மாப்பிள்ளை வீட்ல கோயமுத்தூர் ஆர்க்கெஸ்ட்ரா சொல்லியிருக்காங்க. நான் ஒரு பாட்டுப் பாடறேன்னேன். சம்பந்தி சிரிச்சுட்டே, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், பாடறவங்க பாடட்டும்"னாரு. பொண்ணும் தயங்குது. "அப்பா, வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுருவாங்கப்பா..."

அதுவும் நெசந்தான். அன்னிக்குச் சிரிச்சவங்க சிரிச்சு முடிச்சு டீ குடிக்கப் போயிட்டாங்க. இன்னிக்குச் சிரிப்பை போன்ல வெச்சு ஊர் பூரா அனுப்புவாங்க. அந்த கீபோர்டும் இல்ல, ஜோசப் எப்பவோ வித்துட்டான். இத்தனை வருஷப் பஞ்சுத் தூசியில என் குரலும் இன்னும் எறங்கிப்போச்சு. மூணு பத்தாது, அஞ்சு வேணும்.

வேணும்னா வேணும்தான்! ஆர்க்கெஸ்ட்ராக்காரங்ககிட்ட நானே பேசிட்டேன். "எத்தனை வேணாலும் எறக்கலாம் சார்"னுட்டாங்க. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்: "கண்ணு, நீ சிரி, பரவால்ல. ஆனா அப்பன் பாடுவான்."

போனைக் கீழ வெச்சுட்டு, "ஒரே ஒரு பாட்டுதானேப்பா?"ன்னுச்சு.

ஒரே பாட்டுதாங்க. ஏழரை மணிக்கு. கேக்க முடியாதவங்க அந்நேரம் பந்திக்குப் போயிரலாம், எலை போட்டிருப்பாங்க.