ஞாயிற்றுக்கிழமை சாஹேப்

1. முதல் நாள் ஜெயித்தது

சேர்ந்த முதல் நாளே வேலை போயிருக்க வேண்டியது. டென்னிஸ் கிளப்பில் மார்க்கர் என்றால், கூட ஆட ஆள் கிடைக்காத மெம்பருடன் ஆடுவதற்காகச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆள். அன்று காலை ஐந்தரைக்கு மண் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு நின்றேன். முதலில் வந்தவர் ஒரு பில்டர். ஒரு செட் ஆடலாம் என்றார். ஆறு-ஒன்று என்று ஜெயித்துவிட்டேன். அவர் கை குலுக்காமல் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் செக்ரட்டரி கூப்பிட்டார். "அண்ணா, உன்னை ஜெயிக்கவா வெச்சிருக்கோம்?" என்று இந்தியில் கேட்டார். புனேயில் தெற்கிலிருந்து வந்த எல்லோருக்கும் பெயர் அண்ணாதான். என் பெயர் செல்வம் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

இன்னொரு மார்க்கர் ஷிண்டே, என் வயதுக்காரன். அவன்தான் விஷயத்தை விளக்கினான்.

"ஆறு-நாலுக்குத் தோக்கணும். ஆறு-ஒண்ணுக்குத் தோத்தா வேணும்னு தோத்தது தெரிஞ்சிடும். அவங்களுக்குப் பந்து இடுப்பு உயரத்துல, மெதுவா வரணும். அவங்க அடிச்சா நீ தொட முடியாம போகணும். ஆனா ஓடணும். ஓடாம நின்னா கம்ப்ளெய்ன்ட்."

"அப்ப நாம எப்பத்தான் ஜெயிக்கிறது?"

"நாம ஜெயிச்சா கிளப்பை மூடிடுவாங்க, அண்ணா."

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். அப்பாவுக்குக் கட்கி தொழிற்சாலையில் வேலை. கன்டோன்மென்ட் ஆபீசர்கள் ஆடும் இடத்தில் பந்து பொறுக்கப் போய் ஆட்டம் படிந்தது. பிறகு தளேகாவில் பேக்கிங், லோனாவ்லாவில் ஹோட்டல், ஒரு லாரியில் கிளீனர். எந்த இடத்திலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இந்தக் கிளப்பில் மட்டும் பத்து வருடம் தோற்றுக்கொண்டே தங்கிவிட்டேன்.

2. கிளப் டிவி முன்னால்

அந்தச் சாம்பியனின் பெயரை இங்கே எழுதவில்லை. கிளப்பிலும் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். சாஹேப் என்றால் அவர்தான். நம் நாட்டுக்காரர் இல்லை. யாரும் அவரை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும் அவர் எங்காவது தோற்றால் மறுநாள் காலை கோர்ட்டுக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

இதில் முதல் ஆள் சாலமன் சார். ரயில்வே ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், மூன்று தலைமுறையாகப் புனே. முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டாலும் பெஞ்சில் உட்கார தினமும் வருவார். சாஹேப் ஆடிய ஒவ்வொரு மேட்சின் ஸ்கோரும் அவர் நோட்டுகளில் உண்டு. கிளப்பில் என்னிடம் தமிழ் பேசிய ஒரே மனிதர் அவர். இரண்டாவது ஆள் டாக்டர் பாட்டீல், எலும்பு டாக்டர். ஆட்டம் நன்றாக அமைந்த நாளில் நோயாளிகளைக்கூடக் காத்திருக்கவைப்பார்.

சாஹேப் கடைசி மேட்ச் முடிந்து மைக் முன்னால் நின்று அழுதபோது கிளப் ஹாலில் நாற்காலி போதவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சாலமன் சார் வாய்விட்டே அழுதார்.

"என் வீட்டுக்காரி போன அன்னைக்குக்கூட இப்படி அழலடே, செல்வம். இனி எனக்கு சர்ச்சு ஒண்ண விட்டா என்ன இருக்கு, சொல்லு."

அவரைத் தேற்றத்தான் அதைச் செய்தேன். கோர்ட்டுக்குக் கூட்டிப் போய், ஷிண்டேயைப் பந்து போடச் சொல்லி, இடப்பக்கம் வரும் பந்துக்கு சாஹேப் அடிக்கும் ஒற்றைக் கை பேக்ஹேண்டை அடித்துக் காட்டினேன். என் ஆட்டம் இரண்டு கை பேக்ஹேண்ட். ஆனால் மெம்பர் வராத நேரங்களில் போனில் அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து அந்த வீச்சு கைக்கு வந்திருந்தது. முதுகு வலைக்குத் தெரிகிற அளவு தோளைத் திருப்ப வேண்டும். அடித்து முடித்ததும் இரண்டு கையும் விரிய வேண்டும். தலை மட்டும் பந்து பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

பந்து கோட்டோரமாகப் போனது. சாலமன் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னொண்ணு அடிடே."

பத்து அடித்தேன். டாக்டர் ஹாலிலிருந்து ஓடி வந்தார். "அரே அண்ணா, இத்தனை நாளா இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?"

3. ஒரு மணி நேரம்

அடுத்த ஞாயிறு முதல் காலை ஒன்பது மணிக்கு முதல் கோர்ட் எனக்கு என்று ஆனது. நான் சாஹேப் போல ஆட வேண்டும், எதிரே ஒரு மெம்பர். சாலமன் சார் எங்கிருந்தோ சாஹேப் வைத்திருந்த அதே மாடல் ராக்கெட்டை வாங்கி வந்தார். என்னுடையதைவிடக் கனம். தலையில் கட்ட ஒரு துணிப்பட்டை, வெள்ளைச் சட்டை எல்லாம் வந்தன. சர்வ் போடுமுன் பந்தை எத்தனை தரம் தட்டுவார், பாயின்ட் போனால் எங்கே பார்ப்பார் என்பதையெல்லாம் பழகினேன். பெஞ்சில் பத்துப் பேர் இருந்தது முப்பதானது. குடும்பத்தோடு வந்தார்கள். எனக்கு 'சோட்டே சாஹேப்', சின்ன சாஹேப், என்று பெயர் வைத்தார்கள்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் தோற்கிறவன், அந்த ஒரு மணி நேரம் ஜெயிக்கலாம். ஜெயித்தே ஆக வேண்டும். சாஹேப் தோற்பதைப் பார்க்க அங்கே யாரும் வரவில்லை. அந்தப் பில்டரே ஒரு ஞாயிறு என்னிடம் தோற்றுவிட்டு, தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

4. ஊசி

மழை தொடங்கியதும் வலி வந்தது. மழை விட்ட நாட்களில் ஆடுவோம். ஈர மண்ணில் பந்து கனத்துவிடும். வலி முழங்கையின் வெளிப்பக்கம். முதலில் டீ கிளாஸைத் தூக்கும்போது தெரிந்தது. பிறகு குழாயைத் திருகும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும்.

"ரெண்டு கைக்கே திரும்பிடு," என்றான் ஷிண்டே. "சாஹேபுக்கு பிசியோ இருந்தான், மசாஜ் பண்ண ஆள் இருந்தான். உனக்கு யார் இருக்கா? நான் இருக்கேன். எனக்கு ரோலர் இழுக்கவே நேரம் இல்லை."

டாக்டர் பாட்டீலிடம் காட்டினேன். பெவிலியன் பெஞ்சில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"டென்னிஸ் எல்போ. ஆறு வாரம் ராக்கெட்டையே தொடக் கூடாது," என்றார். விரல் விட்டு எண்ணினார். "ஆறு வாரம்னா ஆறு ஞாயிறு."

அவர் முகம் வாடிவிட்டது. அவருக்காக நானே வருத்தப்பட்டேன்.

"ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா தாங்கும், அண்ணா. ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் வலி போய்விட்டது. யாருடைய கையையோ மாட்டிக்கொண்டது போல இருந்தது. ஏழு வாரத்தில் வலி திரும்பியது. இரண்டாவது ஊசி போட்டார். தீபாவளிக்கு முன்னால் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தார்.

ஒருநாள் சாலமன் சாரிடம் சொன்னேன். "கை எரியுது சார். பக்கெட் தூக்க முடியலை."

அவர் என் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு சொன்னார், "கர்த்தர் பாத்துக்கிடுவார்டே. இந்தக் கைக்காக நான் தெனமும் ஜெபம் பண்ணுதேன்."

உண்மையிலேயே செய்தார். ஆடாதே என்று மட்டும் சொல்லவில்லை.

5. தோற்ற ஃபைனல்

சாஹேப் ஒரு பெரிய ஃபைனலில், ஜெயிக்க ஒரே பாயின்ட் பாக்கி என்று மேட்ச் பாயின்ட் வரை வந்து தோற்றவர். அந்தப் பேச்சு வந்தால் சாலமன் சார் எழுந்து போய்விடுவார். அவர் நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் காலி. அதை மறுபடி ஆட வேண்டும் என்ற யோசனை அவருடையதுதான்.

"அதே ஸ்கோர்ல இருந்து ஆரம்பிப்போம். இந்த வாட்டி நாம ஜெயிக்கணும்டே. நான் சாவுறதுக்குள்ள ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

எதிராளியாக ஷிண்டேயை நிறுத்தினார்கள். மேட்ச் பாயின்ட்டில் பந்தை என் பேக்ஹேண்டுக்குப் போட வேண்டும் என்று டாக்டர் அவனிடம் இரண்டு முறை சொன்னார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நாம ரெண்டு பேரும் சரித்திரத்தைத் திருத்தப் போறோம். டீயாவது குடுப்பாங்களா, கேளு."

வெள்ளிக்கிழமை நான்காவது ஊசி போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அம்பயர் நாற்காலியில் சாலமன் சார்தான் உட்காருவேன் என்று நின்றார். முழங்கால் மடங்காததால் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஸ்கோரை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொன்னார். கிளப்பில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஷிண்டே போட்ட பந்து இடுப்பு உயரத்தில், மெதுவாக வந்தது. மெம்பர்களுக்கு நாங்கள் போடும் பந்து. பத்து வருடமாக அதைப் போட்டிருக்கிறேன். எனக்கு ஒருவர் போட்டது அதுதான் முதல் தடவை.

அடித்தேன். முழங்கைக்குள் ஈரக் கயிறு அறுந்தது போல இருந்தது. பந்து கோட்டில் விழுந்து சுண்ணாம்பு பறந்தது.

எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். டாக்டர் யாரோ ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். சாலமன் சார் மேலே உட்கார்ந்து அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். அது சாஹேப் ஜெயித்ததும் செய்கிறது என்று நினைத்தார்கள். ஷிண்டே மட்டும் வலையைச் சுற்றி ஓடி வந்தான்.

அப்போது சாலமன் சார் மேலிருந்து கேட்டார், "யாராச்சும் வீடியோ எடுத்தீயளா?"

யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

"செல்வம், அந்த ஒரு ஷாட் மட்டும் இன்னொரு தடவ அடிச்சிருடே. பாயின்ட்லாம் வேண்டாம்."

"அவன் கையைப் பாருங்க முதல்ல," என்று ஷிண்டே மராத்தியில் கத்தினான்.

"ஒரே நிமிஷம், ஷிண்டே," என்றார் டாக்டர். போனைத் தயாராக வைத்திருந்தார்.

நான் எழுந்து போய் நின்றேன். இதை மறைத்து எழுத விரும்பவில்லை, நானேதான் போய் நின்றேன். ஷிண்டே பந்து போட மறுத்தான். வேறு யாரோ போட்டார்கள். பின்னால் இழுத்த ராக்கெட் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. விரல்களில் பிடி இல்லை.

6. ஓ.பி.

அரசு ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு ஓ.பி.யில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். என்ன வேலை என்று கேட்டார். மார்க்கர் என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். விளக்கினேன்.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"நாலு."

"எத்தனை மாசத்துல?"

"ஆறு."

பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை போட்டா தசைநாரே இத்துப்போயிடும். போட்டவர் உங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா?"

எங்கள் கிளப் மெம்பர் என்றேன்.

ஆபரேஷன் நடந்தது. கை முழுதாக நீளவில்லை. நிறைந்த வாளியைத் தூக்க முடியாது. கிளப்பில் என்னை அனுப்பிவைக்க ஒரு சின்னக் கூட்டம் வைத்து, சாஹேபின் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். நல்ல கண்ணாடி, கனம். பஸ் ஸ்டாப் வரை ஷிண்டேதான் தூக்கி வந்தான்.

சாலமன் சார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏற அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. நெடுநேரம் என் கையையே பார்த்துவிட்டு, "ஒன் கையில அவரு இன்னும் கொஞ்ச நாள் ஆடினாருடே. அதுக்கு நான் என்ன கைமாறு செய்ய?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவரை வெறுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. முடிந்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இப்போது ரஞ்சன்காவில் ஒரு கோடவுன் கேட்டில் இருக்கிறேன். லாரி வந்தால் இடது கையால் தடுப்பைத் தூக்குவேன்.

மார்க்கர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கை வலித்தால் டென்னிஸ் பார்க்காத டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் ஆட்டத்தை விரும்புகிறவர் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுவார். நீங்களும் அவரோடு சேர்ந்து எண்ணுவீர்கள்.

இதை முதலில் ஷிண்டேயிடம்தான் சொன்னேன். அவன் ஒற்றைக் கைக்கு மாறிவிட்டான் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுப் பார்க்கப் போனேன். கோர்ட் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். முழங்கையில் பட்டை.

"என்ன பண்ணச் சொல்றே?" என்றான். "ரெண்டு மாசம் ஞாயிறு ஞாயிறு வந்து சும்மா உக்காந்துட்டுப் போனாங்க. அப்புறம் சாலமன் சார் அந்த ராக்கெட்டை என் கையில குடுத்தாரு. ஒண்ணு அடிச்சேன். கை தட்டினாங்க."

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"ஊசி?"

"ஒண்ணு."

என்னோடு அந்தப் பெண் டாக்டரிடம் வா என்றேன். என் சட்டைக் கையை விலக்கி வெட்டுத் தழும்பைக் காட்டினேன். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த ஞாயிறு மட்டும் போகட்டும், அண்ணா. திங்கக்கிழமை கண்டிப்பா வரேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஓ.பி. வாசலில் நின்றேன். இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஓ.பி.யை மூடினார்கள்.