யோன்-சில் அக்காவின் ஆறடி மேசை

ஐம்பத்தாறு வயதில் என் அக்கா யோன்-சில் கல்லூரியில் சேர்ந்தாள். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். கடலோர ஊரான சாம்சோக்கில் அவளும் அத்தானும் முப்பது வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறார்கள். இஸ்திரி மேசையில் நின்றபடியே படித்துப் பள்ளித் தேர்வுகளையெல்லாம் தனியாக எழுதித் தேறியிருக்கிறாள். கடைக்கு ஆள் வந்தால் புத்தகம் சட்டைக்கு அடியில் போய்விடும். ஒரு பல்மருத்துவரின் கோட்டோடு இவளுடைய வரலாற்று நோட்டும் மடிபட்டுப் போய்விட்டது. அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் அத்தானுக்கே விஷயம் தெரிந்ததாம்.

இடம் கிடைத்தது எங்கள் சுன்சோன் ஊரில். நான் இங்கே கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறிகளும் விற்கிறேன். என்னோடு தங்கேன் என்றால் கேட்டால்தானே!

"உன் வாய் மூடவே மூடாதுடி. நான் எப்படிப் படிக்கிறது?" என்றாள்.

கல்லூரியின் பின்வாசல் பக்கம் நாலாவது மாடியில் ஒற்றை அறை பிடித்தாள். லிஃப்ட் கிடையாது. நான்கு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர்.

பிப்ரவரிக் கடைசியில் படிப்பை முடித்த பிள்ளைகள் சாமான்களைத் தள்ளிவிட்டுப் போவார்கள். பழைய சாமான் கடைக்குக் கூட்டிப்போனேன். அலமாரி, சோபா, ஷூ ரேக் எதையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து, பையிலிருந்து அகராதியை எடுத்து விரித்து, பக்கத்தில் நோட்டை விரித்து, இரண்டு முழங்கையையும் அகட்டி வைத்துப் பார்த்தாள்.

"பையனுக்காம்மா?" என்றான் கடைக்காரன்.

"எனக்கு. வரலாறு, முதல் வருஷம்" என்றாள். அவன் எழுந்து நின்று தலை தாழ்த்தினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் ஆறடி நீளத்துக்கு ஒரு மர மேசை. மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரில் கிடந்ததாம்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? இது அறையில பாதிய முழுங்கிடும். கட்டில எங்க போடுவ?"

"கட்டில் எதுக்கு? தரைக்கு அடியில வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடாத்தானே இருக்கு, மெத்தைய விரிச்சிப் படுத்துக்கறேன். உட்கார்ந்து படிக்க ஒரு மேசை, என் வாழ்நாள்ல இது ஒண்ணுதான்டி கேட்கிறேன்."

அதற்கு மேல் நான் என்ன பேச? மேசைக் கால்களைக் கழற்றி நாலு மாடி ஏற்றி, ஒரு பக்கச் சுவர் முழுக்க அதைப் போட்டோம்.

மறுநாள் காலை அத்தான் பியோங்-தே வந்து இறங்கினார். பின்னாலேயே, ஜன்னல் வழியாக மாடிக்குச் சாமான் ஏற்றும் ஒரு ஏணி வண்டி. சொல்லாமல் கொள்ளாமல் மனிதர் வாங்கி வந்திருந்தது என்ன தெரியுமா? கல் கட்டில்! மின்சாரத்தில் சூடாகும் பலகைக் கல். நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது.

"முப்பது வருஷம் நின்னே தேஞ்ச இடுப்பு. இதுல படுத்தா சரியாயிடும்" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

"கீழ தரையும் சூடு, மேல கல்லும் சூடு. நடுவுல எங்கக்கா வெந்துபோகவா அத்தான்?" என்றேன். அவர் காதில் வாங்கவேயில்லை.

ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றியாயிற்று. கல் பலகை ஏணியில் ஏறி ஜன்னலருகே வந்து நின்றது. வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்த மேசைய வெளிய எடுத்தாத்தான் இது உள்ள போகும். எடுத்துடவா?"

"எடுங்க, எடுங்க" என்றார் அத்தான்.

அத்தான் பேச்சுக்கு அக்கா எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதே இல்லை. அவள் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"மேசைய எடுக்கக் கூடாது. கட்டில இறக்குங்க."

"உன் இடுப்புக்காகத்தானே..."

"தெரியுதுங்க. நினைச்சா எனக்கு அழுகையே வருது. ஆனா இந்த மேசை எனக்கு வேணும்."

தெருவில் நின்றவர்கள்கூட மேலே பார்த்தார்கள். அத்தான் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கல்லும் இறங்கிப் போனது. அக்கா மேசையை விட்டு நகரவில்லை. அவள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டதோ என்று நான் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. அத்தான்! கையில் கறுப்பு சோயாச் சாந்து போட்ட ஜாஜாங் நூடுல்ஸ், மூன்று கிண்ணம்.

"குடி வந்த அன்னிக்கு இது சாப்பிடாம எப்படி? கட்டில உன் வீட்ல இறக்கச் சொல்லிட்டேன், கொழுந்தியா. நீயே வெந்துக்கோ" என்றார்.

அப்பாடா! விழுந்து விழுந்து சிரித்தேன். பசி உயிர் போனது. கிண்ணங்களை வாங்கி, கைக்கெட்டிய மேசையிலேயே வைத்தேன். கறுப்புச் சாந்து ஒரு சொட்டுச் சிந்தியது.

"ஏய்! எடு, எடு! தரையில வை!" என்று அத்தான் பாய்ந்து வந்தார். "அது அவ படிக்கிற மேசை!"

ஊராருடைய கறையையெல்லாம் முப்பது வருஷமாக எடுத்த மனிதர், தன் வெள்ளைச் சட்டைக் கையாலேயே அந்தச் சொட்டைத் துடைத்தார்.