இக்கடிதம் கொண்டுவருபவர்

எழுபத்தெட்டில் எங்கள் தொகுதி எம்.பி.யின் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். கந்தோர் என்றால் வன்னியில் வீதியோரம் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. ஒரு மேசை, மூன்று கதிரை, பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று, நான். ஐயா எதிர்க்கட்சி. அரசாங்கத்தில் அவர் சொல்லைக் கேட்க ஒரு பியோன்கூடக் கிடையாது. ஆனாலும் காலை ஏழு மணிக்கே சனம் வந்து வாசலில் குந்தியிருக்கும். எல்லோருக்கும் வேண்டியது எம்.பி.யின் கடிதம்.

கடிதம் எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "இக்கடிதம் கொண்டுவருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர்." மற்ற எம்.பி.மாருக்கு இது சும்மா ஒரு வசனம். எங்கள் ஐயாவுக்கோ அது சத்தியவாக்கு. நன்கு தெரிந்தவர் என்று எழுதினால் நன்கு தெரிந்திருக்க வேண்டுமாம். ஆகவே வருகிற ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அரைமணி நேரம் கதைப்பார். மாட்டுக்கு என்ன வருத்தம், மூத்தவளுக்கு எங்கே கலியாணம் பேசுகிறீர்கள், பாம்பு கடித்தது எந்தக் கால் என்றெல்லாம் விசாரிப்பார். தன் கதையும் சொல்வார். கடைசியில் நான் அடித்த கடிதத்தை நீட்டினால் பார்க்காமலே கையெழுத்து வைப்பார். ஆளை வாசிப்பார், கடிதத்தை வாசிக்கமாட்டார். அத்தனை தேத்தண்ணியும் ஊற்றியவள் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு எழுதிய கடிதங்கள் என்ன செய்தன? கரையோரத்துச் சுவாமியார் கேட்டு, அங்கே கள்ளுத் தவறணை வேண்டாம் என்று எழுதினோம். மாதம் முடியமுன் தவறணை திறந்தார்கள். ஒரு ஊருக்கு இரண்டாவது பஸ் கேட்டோம். ஓடிக்கொண்டிருந்த முதலாவதும் நின்றுபோனது. தற்செயலோ என்னவோ, சனம் அதில் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டது. ஒருநாள் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் என் மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, எங்கட வாய்க்காலைத் திருத்த வேண்டாமெண்டு ஒரு கடிதம் தாங்கோ."

ஐயாவிடம் கேட்டால் குதிப்பார். பொய் எழுதமாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். நான் கேட்கவில்லை. அடித்து மற்றக் கடிதங்களோடு சேர்த்து வைத்தேன். அவரும் கையெழுத்து வைத்தார். மூன்று கிழமையில் வாய்க்காலைத் திருத்த ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. ஊரில் யார் எம்.பி. என்று என்னைக் கேட்டிருந்தால் ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் ஒரு பெண் வந்தாள். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, காடு வெட்டிக் கச்சான் கடலையும் சோளமும் போட்டிருந்த பன்னிரண்டு குடும்பங்களில் ஒருத்தி. அவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை, வாக்கும் இல்லை. ஐயாவுக்கு அவர்களால் ஒரு புள்ளடிகூட விழாது. ஆனாலும் அவளுக்கும் அரைமணி நேரமும் தேத்தண்ணியும் கிடைத்தன. இருக்கிற நிலத்துக்குப் பெர்மிட் வேண்டும் என்பது அவள் வேண்டுகோள்.

நான் அவளை வெளியே கூட்டிப்போய் விஷயத்தை விளக்கினேன். "உங்களைக் காணியை விட்டு எழுப்பச் சொல்லிக் கடிதம் போட்டாத்தான் பெர்மிட் தருவாங்கள்."

"நெசமாவா தங்கச்சி? பயமா இருக்கே."

"பயப்பிடாதேங்கோ. எனக்குத் தெரியும்."

அடித்தேன். அத்துமீறிக் குடியேறிய பன்னிரண்டு குடும்பங்களையும் உடனே அகற்றவும் என்று. ஐயா அவளைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்து வைத்தார்.

காணிக் கந்தோருக்கு அப்போதுதான் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கடிதங்களைப் படிப்பார். எம்.பி. என்றால் எந்தக் கட்சியானாலும் மதிப்பார். ஐந்து வருஷத்தில் எங்கள் கடிதமொன்று சொன்னபடியே முதல்முறையாக நிறைவேறத் தொடங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் நிலத்தை விட்டு எழும்பும்படி அறிவித்தல் வந்தது. அதைக் கையில் பிடித்தபடி அவள் வாசலில் வந்து நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கையெழுத்து என்ரைதானே" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆனால் அதற்குள் அவர் எம்.பி. இல்லை. தனிநாடு கேட்கமாட்டேன் என்று புதிய சட்டப்படி சத்தியம் செய்ய மறுத்த எல்லோருடைய ஆசனமும் போனபோது அவருடையதும் போயிருந்தது. ஜீப்பும் இல்லை. அவரும் அந்தப் பெண்ணும் நானும் பரந்தன் சந்தியில் பஸ் மாறி, நின்றுகொண்டே காணிக் கந்தோருக்குப் போனோம். முந்திய கடிதம் தவறு என்று அவர் தன் கையாலேயே எழுதிய கடிதத்தை அதிகாரி இரண்டு தரம் படித்தார்.

"மன்னிக்கவேணும் ஐயா. முந்தினது எம்.பி.யின்ர கடிதம். இது ஒரு தனி ஆளின்ர கடிதம். எம்.பி.யின்ர கடிதத்தை எம்.பி.தான் மாத்தலாம்."

"அந்த எம்.பி. நான்தான் தம்பி."

"அதுக்கு என்ன அத்தாட்சி? ஆராவது தெரிஞ்ச ஆள் ஒரு கடிதம் தந்தால்..."

ஆயிரம் பேரைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்த மனிதர், தன்னைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பெண்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வாங்க தங்கச்சி. நாங்க குடுக்கிறோம்."

அடுத்த நாள் அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். "இக்கடிதம் கொண்டுவருபவர் எங்களுக்கு நன்கு தெரிந்தவர். முன்னாள் எம்.பி. ஆவார். தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டார். அவருடைய பேச்சை நம்பவும்." கீழே ஆறு கையெழுத்து, ஆறு பெருவிரல் அடையாளம். பிரஜாவுரிமை இல்லாத பன்னிரண்டு பேரின் சிபாரிசோடு எங்கள் ஐயா மறுபடி அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

அதிகாரி அதையும் இரண்டு தரம் படித்தார். ஏதோ சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கோப்பின் மேல் எழுதினார்: "புதிய எம்.பி. வந்து தீர்மானிக்கும்வரை நிலுவையில்." எண்பத்தொன்பது வரை எங்கள் தொகுதிக்கு எம்.பி.யே வரவில்லை. பன்னிரண்டு குடும்பங்களும் அதுவரை கச்சான் கிண்டிக்கொண்டிருந்தன. பதவியில் இருந்து அவரால் செய்ய முடியாததை, பதவி போய்ச் செய்துவிட்டார்.

கடிதம் கொடுத்த அன்று திரும்பி வரும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதியை ஐயா கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நான் அடித்த கடிதங்களில் அவர் படித்தது அது ஒன்றைத்தான்.

"பிள்ளை, நன்கு தெரிந்தவர் எண்டு போட்டிருக்கிறியள். இவைக்கு என்னை அவ்வளவு தெரியுமோ?"

முன் இருக்கையிலிருந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க அம்மா கொலராவுல செத்ததும் தெரியும், ஒங்களுக்கு நீச்சல் தெரியாதுங்கிறதும் தெரியும். அன்னைக்கு அரைமணி நேரமும் நீங்க மட்டுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு நெனைச்சீங்களா ஐயா?"