ஆணியில் தொங்கிய துவக்கு

போன வருஷம் ஐப்பசி மழைக்குள்ளே, ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் வீட்டில், என் வீட்டுக்காரரின் கருமாதியன்று தொடங்கியது இது. தோட்டத்துத் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். அதில் மரவள்ளி, போஞ்சி, ஓரத்தில் ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே நாங்கள் இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை. நான் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். அவர் உட்கார்ந்தால் எழும்பாதவர். அப்படியே காலம் ஓடிவிட்டது.

தோட்டத்தில் காவக்காரராக இருந்தவர் அவர். வேலையை விட்டபிறகு, மரவள்ளியைத் தோண்டித் தின்ன வரும் காட்டுப்பன்றிகளைச் சுட ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றுக்கு லைசன் எடுத்தார். வருஷா வருஷம் பதுளையில் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். நானும் கூடவே போவேன். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வடையும் பிளேன்டீயும். எங்களுக்கு அதுதான் திருவிழா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். "இது எனக்குக் குடுத்த லைசன், புள்ள. வீட்டுக்குக் குடுத்தது இல்ல. யாருக்கும் இரவல் குடுக்கக் கூடாது. நான் இல்லாட்டி இது இங்க இருக்கவே கூடாது, பொலிஸுக்குப் போயிரணும்."

"நீங்க இல்லாட்டி நான் மட்டும் இங்க இருக்கலாமா?" என்பேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார்.

ஒரு விடியற்காலையில் மரவள்ளிக் காவலிலிருந்து துவக்கோடு வந்தவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். யாரோ துவக்கை எடுத்துச் சுவரில் அதன் ஆணியிலேயே மாட்டினார்கள். அதற்குப் பிறகு பதினாறு நாள் அழுகை, சமையல், ஆட்கள், மழை. அந்த ஆணிக்குக் கீழேதான் அவர் படத்தை வைத்து விளக்கேற்றினோம். அந்தச் சுவரோரமாகத்தான் நான் பாயைப் போட்டுப் படுத்தேன். அந்த இரும்பு பக்கத்தில் இருப்பது, என்னவோ, ஆள் இருப்பது போலவே இருந்தது.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம். கருமாதி முடிந்ததும் செத்தவர் புழங்கிய சாமான்களைப் பாயில் பரப்பி வைப்பார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று ஞாபகத்துக்கு எடுத்துப் போவார்கள். அவருடைய கம்பளி, ரேடியோ, கவ்வாத்துக் கத்தி, குடை எல்லாம் பாய்க்கு வந்தன. மொனராகலையிலிருந்து வந்திருந்த என் கொழுந்தன் துவக்கையும் கழற்றிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அவருக்கு அதில் வித்தியாசமே தெரியவில்லை. கத்தியும் அண்ணனுடையது, துவக்கும் அண்ணனுடையது.

நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்த்தபோது கொழுந்தனின் மகள்கள் இரண்டு பேரும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு போனில் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு. அதட்ட மனசு வரவில்லை. மெதுவாக வாங்கி ஆணியில் மாட்டினேன்.

"என்ன மதினி, அதையும் பூட்டி வைக்கப் போறீங்களா?" என்றார் கொழுந்தன்.

"இது பொலிஸுக்குத் தம்பி. உங்க அண்ணன் பேர்ல இருந்த லைசன். அவரோட அதுவும் முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சா என்ன? சாக்குல சுத்திக் கொண்டு போயிர்றேன். என் கரும்பெல்லாம் பன்னி திங்குது. ராவுல வரப்புல கட்டி வச்சா அதுபாட்டுக்குச் சுடும்."

கட்டுத்துவக்கைத்தான் சொன்னார். துவக்கின் விசையில் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவது. கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், விறகுக்குப் போகிற பொம்பிளையும் ஒன்றுதான். அப்படிக் கால் சிதைந்த ஒருத்தியை என் வீட்டுக்காரர் தோளில் தூக்கி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அது குற்றம், பிடித்தால் மறியலில் அடைப்பார்கள் என்றும் சொன்னேன்.

"பாத்தீங்களா, எங்க மதினி லோயராகிட்டாங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"தம்பிக்கு இல்லாத உரிமை பொலிஸ்காரனுக்கா?" என்றாள் நாத்தனார் முறையான ஒருத்தி. "பொன்னா கேட்டான்? ஒரு இரும்பு."

"இரும்புதான். ஆனா குடுக்க முடியாது."

கொழுந்தனின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. பாயிலிருந்து அவர் எதையுமே எடுக்கவில்லை. "இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மழையிலேயே இறங்கினார். எனக்கென்று வந்து போக இருந்தது அந்த ஒரு குடும்பம்தான். மூன்று பேரும் தேயிலைக்குள் சின்னதாகி மறையும்வரை வாசலில் நின்றேன். ஒரு இரும்புக்காக இருந்த உறவையும் துரத்திவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கூப்பிட்டுக் கொடுத்துவிடலாமா என்று வேலிப் படலைவரை போனேன். திரும்பினேன். மறுபடி போனேன்.

விடிந்ததும் பொலிஸுக்குப் போன் பண்ணினேன். கொண்டு வரவேண்டாம், நாங்களே வருகிறோம் என்றார்கள். மத்தியானம் ஜீப்பில் ஒரு சார்ஜன் வந்தார். சிங்களவர், உடைந்த தமிழ், வயதான முகம். "உடனே சொல்ல வேணும் அம்மா. ஆள் இல்லாட்டி லைசனும் இல்ல" என்று கொஞ்சம் கோபமாகச் சொன்னவர், விளக்கைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். துவக்கை எடுத்து, குழலைத் தரைக்குச் சாய்த்து, நடுவில் மடித்துத் திறந்தார்.

சிவப்பாக ஒரு தோட்டா அவர் உள்ளங்கையில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் ஒருநாளும் தோட்டாவோடு மாட்டியவர் இல்லை. காவலிலிருந்து வந்ததும் குழலைக் காலி பண்ணிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றவே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மாட்டியவர்கள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"யாரும் தொட்டதா?" என்றார் சார்ஜன். குழலுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கொக்கியைக் காட்டி, "இத இழுத்து விட்டா போதும். முடிஞ்சது" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். கொழுந்தனின் பெரியவள் அன்று எடுத்த படங்களை எல்லாம் என் போனுக்கும் அனுப்பியிருந்தாள். ஜீப் போனபிறகு எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பெரியவள் கண்ணை மூடிச் சிரிக்கிறாள். சின்னவள் குழலை அவள் தாடைக்குக் கீழே வைத்திருக்கிறாள். கட்டைவிரல் அந்தக் கொக்கியின்மேல்.

கொழுந்தனுக்குப் போன் பண்ணினேன், வெட்டினார். மறுபடியும் வெட்டினார். சாயங்காலம் பெரியவள் எடுத்தாள். "அப்பாகிட்ட குடு. திட்டினாலும் பரவாயில்ல, குடு" என்றேன். போன் அவர் கைக்குப் போனது. தோட்டாவைச் சொன்னேன். படத்தைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு, "மதினி... சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அவர் இன்னும் வாசலை மிதிக்கவில்லை. சொன்ன சொல் குறுக்கே நிற்கிறது போல. என் பேரில் லைசனுக்கு எழுதிப் போடலாம் என்று சார்ஜன் சொன்னார், நான் போடவில்லை. ஆணி சுவரில் இருக்கிறது. இருட்டினால் பன்றிகள் வருகின்றன. தகரத்தைத் தட்டிப் பார்ப்பேன், கொஞ்சம் விலகி நின்று திரும்ப வரும். காலையில் அவை தின்று மிச்சம் விட்ட கிழங்கைத் தோண்டும்போது, மொனராகலையில் அந்த இரண்டு பிள்ளைகளும் சண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். யாரும் வராத இந்த வீட்டில் நான் இருந்து கழிக்க, அந்த ஒரு நினைப்பு போதுமாயிருக்கிறது.