தானாதார் என்ற சொல்லும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணனை இழந்து ஓராண்டு ஆகிறது. குடும்பத் தேதி எதையும் அவரிடம் கேட்டுச் சரிபார்ப்பதே என் வழக்கம். இதை எழுதும்போதும் இருமுறை தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

அண்ணன் பிறந்தது செஞ்சியில். தந்தையை இளமையிலேயே இழந்தவர், தம்பி தங்கையரைக் கரையேற்றிய பிறகே மணம் முடித்தார். 1990இல் நியூஜெர்சிக்கு வந்து மான்மவுத் ஜங்ஷனில் குடியேறினார். பெயரில் ‘சிங்’ இருந்ததால் எல்லோரும் பஞ்சாபியில் பேசினார்கள். “நான் தமிழ்ங்க” என்று சொல்லிச் சலித்தவருக்கு, செஞ்சியை ஆண்ட புந்தேலா ராஜபுத்திரர்களோடு நம் முன்னோர் தெற்கே வந்த வரலாற்றை எழுதும் ஆசை பிறந்தது.

நம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்கள் “தானாதாரோ!” என்று குரல் கொடுப்பார்கள். பொருள் யாருக்கும் தெரியாது. வடக்கே ‘தானாதார்’ என்றால் காவற்கோட்டைத் தலைவர் என்று அண்ணன் எங்கோ படித்திருந்தார். ஆகவே நாம் ஆண்ட கிளை என்று அண்ணன் நம்பினார். நாங்களும் நம்பினோம். மகளின் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பட்டத்தை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதே, புற்றுநோய் கண்ட பிறகு அவருக்கிருந்த ஒரே ஆசை.

2000 கோடையில் நான் சன்னிவேலிலிருந்து போய் அவருடன் இருந்தேன். பக்கத்து வீட்டுக்கு ஜான்சியிலிருந்து வந்திருந்த ராஜபுத்திர அம்மையார் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். அண்ணி அந்தக் குரலைக் கொடுத்துக் காட்டியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் இந்தியில் சொன்னதை அண்ணன் மகள்தான் விளக்கினாள்.

“அப்பா, அது டைட்டிலே இல்லையாம். ‘தானா டாரோ’ன்னா தீனி போடுங்கன்னு அர்த்தமாம். மாப்பிள்ளை ஏறி வந்த குதிரைக்கு!”

“நம்ம கல்யாணத்துல உங்களைப் பார்த்துத்தானே கத்தினாங்க? சரியாத்தான் சொல்லியிருக்காங்க” என்றார் அண்ணி.

அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். விருந்தினர் போனபின் என்னிடம் சொன்னார்:

“பத்து வருஷமா கோட்டையைத் தேடினேன்டா தம்பி. லாயத்துல வந்து நிக்கிறேன்.”

பட்டத்தோடு எழுதிய பத்திரிகை அச்சுக்குப் போகவிருந்தது. “இருந்துட்டுப் போகட்டும்ணே, யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“நமக்குத் தெரிஞ்சுபோச்சே” என்று தம் கையாலேயே பட்டத்தை அடித்தார். கோடு அடுத்த வரியையும் தொட்டது. அந்தக் கல்யாணத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

மருத்துவமனைக்கு முறைவைத்துக் கார் ஓட்டிய நண்பர்களுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், கடைசி வாரம் முழுதும் அண்ணியின் அருகிலேயே இருந்த ஜான்சி அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இந்த நினைவு மலரிலாவது பட்டத்தைப் போடும்படி பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். பொறுத்தருள வேண்டும். பின்பக்கத்திலுள்ள வம்சாவளி எங்கள் கொள்ளுப்பாட்டனார் பெயரில் தொடங்குகிறது. அதற்கு மேல் அண்ணன் எதுவும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.