முன்பல்லும் வரவேற்பாளர் வேலையும்

இன்று கித்துல்கலவில் ஒரு விடுதிக்கு, வரவேற்பாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன்.

எல்லாம் கேட்டு முடித்த மெனேஜர் என் முன்பல்லையே பார்த்தார். "வெத்தலை போடுவீங்களா?"

"இல்லங்க சேர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி அடைச்ச பல்லு. அப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு. நாளாக நாளாக அடைச்சது தேத்தண்ணிக் கறையை இழுத்துக்குமாம். சொத்தை இல்லைன்னு டொக்டர் சொன்னாரு."

"சரி, கெஸ்ட் முன்னால வாயை மூடிச் சிரிங்க."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். தேத்தண்ணி குடித்ததற்கு வெட்கப்பட எனக்குத் தெரியாது.

"அது முடியாதுங்க சேர்" என்று பல் முழுவதும் தெரியச் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வாயை மூடிக்கொண்டு சிரிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது.